இரட்டைக் கோடு

அடையாற்றில் மூன்றாம் மாடி, இரவுப் பணி.
கீழே மெடிக்கல் ஷாப்பின் ஷட்டர் இறங்கும் சத்தத்தில்
எனக்கு ஆயிரத்து அறுநூற்று எழுபத்தொன்று பிறக்கும்.

ஹாம்பர்க்கிலிருந்து வருகின்றன கோப்புகள்.
பூஞ்சை பூத்த ஞானஸ்நானப் பதிவேடு,
சீர்வரிசைப் பட்டியல்
(கோட்டை இரண்டு, உப்புச் சுரங்கம் ஒன்று,
வெள்ளித்தட்டு நாற்பது, அதில் ஒன்று நெளிசல்),
செத்த குழந்தைகளுக்குத் தனித்தாள்.
பெயர் ஒன்றுக்கு நாலு ரூபாய்.
ஒரு பிரபுக் குலத்தை விடிவதற்குள் கிளைபிரித்து அடுக்கிவிட்டு
29சி பிடிக்கவேண்டும் நான்.

மரம் என்கிறார்கள்.
மரமென்றால் மேலே போகப்போக விரியவேண்டாமா?
இந்த ஆல்டன்ஸ்டெர்ன் வம்சம் ஏற ஏறக் குறுகுகிறது.
எட்டுப்பேர் நிற்கவேண்டிய வரிசையில் நாலே பேர்,
அவர்களே மறுபடி வேறு கதவு வழியாக வந்து
சம்பந்தி என்று உட்காருகிறார்கள்.
மென்பொருள் சிவந்து துடிக்கும்:
இந்த நபர் ஏற்கெனவே உள்ளார்.
தெரியும் என்பேன். எங்கள் வீட்டிலும் உள்ளார்.

அம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை.
பெரம்பூரில் ஒன்றரை கிரவுண்டு,
பாதி ஓடு, பாதி தளம்,
பங்குபோகக் கூடாது என்பதற்காக.
அவர்களுக்கு ஆற்றின் இரு கரையும் காடும்,
எங்களுக்குப் பக்கத்து வீட்டு முருங்கை சாய்ந்த மதில்.
கவலை என்னவோ ஒரே அளவுதான்.

தம்பி சுதர்சனத்துக்கு மூன்று வயது, எனக்கு ஏழு.
எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி.
கட்டமும் வட்டமும் வரைந்துகொண்டே வந்த டாக்டரம்மா
பேனாவைத் தூக்கி, "சொந்தத்துலயா?" என்றார்.
"சொந்தத்துலதாங்க," அம்மாவுக்குக் குரலில் அவ்வளவு பெருமை.
ஒரு கோடு போதுமான இடத்தில்
டாக்டரம்மா இரண்டு கோடு போட்டார்.
கை தவறிவிட்டது என்று நினைத்தேன்.

நேற்றைய கோப்பில் ஷார்லோட்டா எலியனோரா.
பதினைந்து வயதில், தாயின் தம்பிக்கே மனைவி.
எட்டு வருஷக் கடிதங்களிலும் அவரை
மாமா என்றே எழுதியிருக்கிறாள்,
குதிரைக்கு நொண்டி, மாமா,
பனியில் ஜன்னல் உறைந்துவிட்டது, மாமா.
ஹாம்பர்க் கேட்கிறது:
எழுத்தர் பிழையா? கணவர் என்று திருத்தலாமா?

பிழையில்லை என்று மட்டும் பதில் போட்டேன்.
வெங்காயம் நறுக்கியபடி
"மாமா, கேஸ் தீந்துடுச்சு" என்று அம்மா அப்பாவைக் கூப்பிடும் குரலை
எந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்வது?

அவளுக்குக் கீழே ஐந்து சிறு கோடுகள்.
மார்கரேத்தா, நாலு மாதம்.
யோஹான், ஒருநாள்.
இன்னொரு யோஹான், அவனும் ஒருநாள்.
ஃப்ரீட்ரிஷ் மட்டும் தங்கினான்.
கடைசியாக: பெண், பெயரிடவில்லை.
பெயர் இல்லாததால் அதற்கு நாலு ரூபாய் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி என் தோள்மேல் எட்டிப்பார்த்தான்.
திரையில் ஃப்ரீட்ரிஷ், வெல்வெட்டில்,
முகத்துக்கு முன்னால் கிளம்பிவிட்ட தாடை.
சுதர்சனம் தன் தாடையைத் தொட்டான், என்னுடையதைத் தொட்டான், சிரித்தான்.
பிறகு விரலைக் காதில் வைத்து, திரையைக் காட்டிக் கேட்டான்:
இவனுக்குக் கேட்டதா?

பதிவேடு முழுக்கத் தேடினேன்.
வேட்டைநாய்களின் பெயர்கூட இருக்கிறது,
அந்தத் தகவலுக்குத்தான் இடம் விடவில்லை.

விடியற்காலை மந்தைவெளியில் பஸ் நிற்கும்போது அம்மா போனில்:
பெரியத்தை வந்திருக்கா, ஒரு கூடை மாதுளையோட.
யதுநாதன் ஷார்ஜாலேர்ந்து வந்துட்டானாம்.
நம்ம பையன், அன்னியமா தேடணுமா?
கேக்குதா? கேக்குதாடி?

கேட்கிறது.
கண்டக்டர் சில்லறை கேட்கிறார்.
ஆல்டன்ஸ்டெர்னில் இன்னும் அறுபத்தொரு பேர் பாக்கி.